ஓட்டமாவடி – வாழைச்சேனை: துறைமுகம், களப்பு, கடற்கரை

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், களப்பு கடலோடு சேரும் இடத்தை அண்டி ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் அமைந்துள்ளன. கடைத்தெரு இடைவெளியின்றித் தொடர்வதால் ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று வெளியூரவர்களுக்குப் புரிவதில்லை. நிர்வாகத்தில் ஓட்டமாவடி கோறளைப்பற்று மேற்குப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. வாழைச்சேனை கோறளைப்பற்று, கோறளைப்பற்று மத்தி ஆகிய இரு பிரிவுகளில் அடங்குகிறது. ஓட்டமாவடியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். வாழைச்சேனையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இரு சமூகத்தின் மொழியும் தமிழே. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் இரு ஊரவரும் ஒரே இடத்தைத்தான் நாடுகிறார்கள்.

இங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் பாசிக்குடா, கல்குடாக் கடற்கரைகள் உள்ளன. ‘கல்குடா’ என்ற பெயர் கடற்கரைக் கிராமத்தையும் குறிக்கும், இந்தப் பகுதி முழுவதையும் உள்ளடக்கிய தேர்தல் தொகுதியையும் குறிக்கும். ஆகவே பஸ்ஸிலோ ஓட்டோவிலோ ஏறும்போது ‘கல்குடா பீச்’, ‘கல்குடா ஸ்டேஷன்’ என்று இடத்தைத் தெளிவாகச் சொல்வது நல்லது.

வரும் பயணிகளில் பெரும்பாலோர் வானில் நேரே பாசிக்குடா ஹோட்டலுக்குப் போய், இரண்டு நாள் குளித்து, அதே வானில் திரும்பிவிடுகிறார்கள். கிழக்கின் மீன்பிடி, வயல், வியாபாரம் மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் ஊர் பக்கத்திலேயே இருப்பது அவர்களுக்குத் தெரியாமலே போகிறது. குளிப்பதற்குப் பாசிக்குடா, சாப்பிடவும் சுற்றவும் ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் என்று நாளைப் பிரித்துக்கொள்பவர்களுக்கே இந்த இடம் முழுமையாகக் கிடைக்கும்.

வருவதற்கு ஏற்ற காலம்

தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை கடலில் இறங்குவதற்கும் படகில் போவதற்கும் உகந்த காலம். மே முதல் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அது உலர்ந்த, சூடான காற்று. நண்பகலில் வெளியே நடப்பது சிரமம். காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் வெளி வேலைகளை வைத்துக்கொண்டு, நடுப்பகலை நிழலில் கழிப்பதே ஊரார் வழக்கம். பயணிக்கும் அதுவே பொருந்தும்.

ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை மாரி. ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் கொட்டித் தீர்க்கிறது. மாதுறு ஓயாவின் நீர் வாழைச்சேனைக் களப்பு வழியாகவே கடலைச் சேர்வதால், மேற்கே மலையடிவாரத்தில் பெய்யும் மழையும் இங்கே வெள்ளமாக வந்து சேரும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மாவட்டத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியை மூத்தவர்கள் இன்னும் ஆண்டுக் கணக்குக்கு அடையாளமாகச் சொல்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் வர நேர்ந்தால் திரும்பும் நாளை இறுக்கமாக வைக்கக்கூடாது. வெள்ளத்தில் வீதியும் ரயில் பாதையும் ஒருசேரத் தடைப்படுவதுண்டு. பெப்ரவரி, மார்ச்சில் மழை குறைந்து வயல்கள் அறுவடைக்கு நிற்கும். கடல் இன்னும் முழுதாக அடங்கியிராது. ஆனால் வெயில் இதமானது, அறை வாடகையும் குறைவு. கடலில் குளிப்பது முக்கியமில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

சித்திரைப் புத்தாண்டு, வெசாக், ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை ஆகிய நாட்களில் உள்நாட்டுப் பயணிகள் பஸ் பஸ்ஸாகப் பாசிக்குடாவுக்கு வருவார்கள். அந்த வார இறுதிகளில் முன்பதிவில்லாமல் அறை கிடைப்பது அரிது.

வந்து சேரும் வழிகள்

ரயில்: கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்பு செல்லும் ரயில்கள் வாழைச்சேனையிலும் அடுத்து கல்குடாவிலும் நிற்கும். ஊருக்குள் தங்குபவர் வாழைச்சேனையிலும், கடற்கரையில் தங்குபவர் கல்குடாவிலும் இறங்க வேண்டும். பகல் பயணத்துக்குப் பெயர் பெற்றது உதயதேவி. காலையில் கோட்டையை விட்டுப் புறப்பட்டுப் பிற்பகலில் இங்கே வந்து சேரும். பயண நேரம் அதிகம்தான். ஆனாலும் மாகோ சந்தி, கல்ஓயா, பொலன்னறுவை என்று உலர் வலயத்தை முழுவதும் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு வரலாம். பொலன்னறுவைக்குப் பின் மன்னம்பிட்டியில் மகாவலியையும், வெலிக்கந்தை, புணானைக் காடுகளுக்கு அப்பால் ஓட்டமாவடியில் களப்பையும் ரயில் கடக்கிறது. ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு காலத்தில் ரயிலும் வாகனங்களும் மாறி மாறி ஒரே தடத்தில் போயின. ரயில் வரும்போது இருபுறமும் வாகனங்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வாகனங்களுக்குப் புதிய பாலம் கட்டப்பட்ட பின் பழைய பாலம் ரயிலுக்கு மட்டுமானது.

இந்தப் பாதையில் யானைகள் ரயிலில் அடிபடுவது நெடுநாளைய துயரம். 2025 பெப்ரவரி 20ஆம் திகதி கல்ஓயாப் பகுதியில் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. யானை நடமாட்டமுள்ள இடங்களில் ரயில் மெதுவாகச் செல்ல வேண்டியிருப்பதால் இரவு ரயில்களின் நேரங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. புறப்படுமுன் ரயில் நிலையத்திலோ 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். விடுமுறை வாரங்களில் ஆசனங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு திறந்தவுடனேயே வாங்கிவிடுவது நல்லது.

பஸ்: கொழும்பு புறக்கோட்டையிலிருந்து மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பஸ்கள் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை வழியாக ஓட்டமாவடிக்கு வருகின்றன. தூரம் 280 கிலோமீட்டரளவு. இரவு பஸ்கள் விடியுமுன்பே இங்கே இறக்கிவிட்டு மேலே போய்விடும். நடத்துநரிடம் ‘ஓட்டமாவடி’ என்று ஏறும்போதே சொல்லி வைக்காவிட்டால், விழிக்கும்போது ஏறாவூரையும் தாண்டிவிட்டிருக்கும். அதிகாலையில் இறங்குபவர்கள் பயப்பட வேண்டியதில்லை. சுபஹுத் தொழுகைக்கு ஆட்கள் எழுந்து நடமாடும் நேரம் அது, தேநீர்க் கடையும் திறந்திருக்கும்.

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்கு நாள் முழுவதும் பஸ் உண்டு. வழியில் ஏறாவூர், செங்கலடி, கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்த வந்தாறுமூலை, முருகன் கோயிலுக்குப் பெயர்பெற்ற சித்தாண்டி, கிரான் ஆகிய ஊர்கள் வரும். பதுளைப் பக்கமிருந்து வருபவர்கள் செங்கலடிச் சந்தியில் மாறிக்கொள்ளலாம். திருகோணமலையிலிருந்து ஏ15 வீதி மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை வழியாகக் கடலோரமாகவே வந்து, திருக்கொண்டியாமடுவில் கொழும்பு வீதியோடு சேர்கிறது. தூரம் நூறு கிலோமீட்டரளவு. வெருகலாறும் பனிச்சங்கேணியும் தோணிகளையும் பாதைப் படகுகளையும் நம்பியிருந்த நாட்கள் போய், இப்போது முழுவதும் பாலங்கள். கிழக்கில் வாகனம் ஓட்டிப் போக ஒரே ஒரு வீதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கட்டுநாயக்க வழியே எளிது. பலாலிக்கு விமானத்திலோ, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலிலோ வந்து, யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டுக் கிழக்கே இறங்குவதும் நடைமுறையில் இருக்கிறது. கப்பல் சேவை மழைக்காலத்தில் நிறுத்தப்படும். இலங்கைக்கு வருமுன் இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுவதால் இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் அறிவிப்பை மட்டுமே நம்ப வேண்டும்.

சொந்த வாகனத்தில் வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெலிக்கந்தைக்கும் ஓட்டமாவடிக்கும் இடையில், குறிப்பாகப் புணானை, ரிதிதென்னைப் பகுதிகளில், மாலை ஆறு மணிக்குப் பின் யானைகள் வீதியைக் கடக்கும். மோட்டார் சைக்கிளில் இரவில் அந்த வழியே வரவே கூடாது. யானை நின்றால் வாகனத்தைத் தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். ஹோர்ன் அடிப்பதும் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவதும் ஆபத்து. புணானைக் காடு 1920களில் வேறொரு விலங்கால் பேர்பெற்றது: வழிப்போக்கர்கள் பலரைக் கொன்ற ஒரு சிறுத்தை 1924இல் இங்கே சுடப்பட்டது. அதன் பாடம் செய்யப்பட்ட உடல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

ஊருக்குள் போய்வருதல்

தரை முழுவதும் மட்டம். அதனால் சைக்கிள்தான் இங்கே சிறந்த வாகனம். தங்குமிடங்கள் பலவற்றில் வாடகைக்கோ இலவசமாகவோ கிடைக்கும். வாழைச்சேனையிலிருந்து கல்குடா, பாசிக்குடாப் பக்கம் பஸ் போகும், ஆனால் இடைவெளி அதிகம். மற்றபடி ஓட்டோதான். மீற்றர் போட்ட ஓட்டோ குறைவு என்பதால் ஏறுமுன் விலை பேசிக்கொள்ள வேண்டும். ஹோட்டல் வாசலில் நிற்கும் ஓட்டோவுக்கும் ஊர்ச் சந்தியில் நிற்கும் ஓட்டோவுக்கும் கூலியில் வித்தியாசம் உண்டு. அரை நாளுக்கு ஒரே ஓட்டோவைப் பேசிக்கொண்டால் செலவும் குறையும், ஊர் தெரிந்த ஒருவர் கூடவே வந்ததாகவும் இருக்கும். ஓட்டுநர் உள்ளூர்க்காரராக இருந்தால் அவரை ‘நானா’ என்றோ ‘அண்ணன்’ என்றோ கூப்பிடலாம். முதலாவது முஸ்லிம்களிடையே வழங்குவது, இரண்டாவது தமிழரிடையே வழங்குவது. எது பொருத்தம் என்று தெரியாவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

துறைமுகம்

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் திறந்த கடலில் இல்லை. களப்பின் வாய்க்குள் ஒதுங்கியிருக்கிறது. அதனால்தான் வாடைக்காற்றுக் காலத்திலும் படகுகள் இங்கே பத்திரமாகக் கட்டி நிற்க முடிகிறது. ஒரே நாளில் போய்வரும் சிறிய வள்ளங்களோடு, வாரக்கணக்கில் ஆழ்கடலில் நின்று வரும் பலநாள் படகுகளும் இந்தத் துறையை நம்பியிருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை மீனவர்களும் கிழக்கே வந்து தொழில் செய்வதால் துறைமுகம் நிறைந்திருக்கும்.

போக வேண்டிய நேரம் அதிகாலை. ஐந்தரை, ஆறு மணிக்கே படகுகளின் அடித்தட்டிலிருந்து மீன் வெளியே வரத் தொடங்கும். ஐஸ் பெட்டியின் மூடி திறந்ததும் வெள்ளைப் புகை எழும். உள்ளே இறங்கிய ஒருவர் நொறுங்கிய ஐஸைக் கையால் விலக்கி, சூரை மீனை வாலில் பிடித்து மேலே எறிவார். மேலே நிற்பவர் அதைத் தட்டில் ஏந்தித் தராசுக்குக் கொடுப்பார். பெரிய மீன்களைக் கயிறு கட்டித் தூக்குவார்கள். சுற்றி நிற்கும் வியாபாரிகள் செவுளைத் திறந்து சிவப்பைப் பார்த்துவிட்டே விலை சொல்வார்கள். ஏலம் சத்தமாக நடக்குமென்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறலாம். பாதி வியாபாரம் காதோடு காதாக முடிந்துவிடும். நல்ல மீன் ஐஸோடு லொறியில் ஏறிப் பேலியகொட மத்திய சந்தைக்குப் போகும். மிச்சம் ஊர்ச் சந்தைக்கும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பெட்டி கட்டிப் போகும் வியாபாரிகளுக்கும். ஏழரை, எட்டு மணிக்குப் பின் தரையைக் கழுவுவதைத் தவிர அங்கே பார்ப்பதற்கு அதிகம் இராது.

துறைமுகம் இலங்கை மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் உள்ளது; வாயிலில் காவல் உண்டு. உள்ளே போக அங்கே அனுமதி கேட்க வேண்டும். மரியாதையாகக் கேட்டுப் போவதே வழி, மறுத்தால் வாதாடக்கூடாது. படம் எடுக்குமுன் படகுக்காரரிடம் ஒரு சொல் கேட்பது முறை. கடற்படைக்குரிய எதையும் படம் எடுக்கக்கூடாது. தரை வழுக்கும், எனவே பிடிப்பான செருப்பு தேவை. வேலை செய்பவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் பல நாள் உழைப்பின் பலன் தெரியும் நேரம்.

துறைமுகத்துக்குள் போக முடியாதவர்களுக்குச் சந்தை போதும். பாரை, அறக்குளா, சூரை, விளைமீன், கணவாய் ஒரு பக்கமும், களப்பு இறாலும் நண்டும் இன்னொரு பக்கமுமாக இருக்கும். சிறு மீன்கள் கூறு கட்டி விற்கப்படும். சமையல் வசதியுள்ள விடுதியில் தங்குபவர்கள் இங்கே வாங்கி, சந்தையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

மாலையில் போக வேண்டியது ஓட்டமாவடிப் பாலம். கடற்கரை கிழக்கு நோக்கியது என்பதால் பாசிக்குடாவில் கடல்மேல் சூரிய அஸ்தமனம் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது உதயம். அஸ்தமனத்துக்கு உரிய இடம் களப்புக் கரை. தோணிகளில் வலை வீசப் புறப்படுபவர்களையும், பழைய இரும்புப் பாலத்தையும், நீர்மேல் படிந்த சிவப்பையும் அங்கிருந்து ஒன்றாகப் பார்க்கலாம். ரயில் பாலத்தின்மேல் நடந்து போவது உயிராபத்து. பிள்ளைகளோடு வருபவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பாசிக்குடாவும் கல்குடாவும்

பிறை வடிவக் குடா; வெளியே அலையை உடைக்கும் பாறைத்திட்டு; உள்ளே நெடுந்தூரம் போனாலும் இடுப்பளவுக்கு மேற்படாத நீர். பாசிக்குடாவின் சிறப்பு இவ்வளவுதான். நீந்தத் தெரியாதவர்களும் சிறுவர்களும் அச்சமின்றி இறங்கக்கூடிய கடல் இலங்கையில் இதைப்போல் வேறு அதிகமில்லை. 1970களில் இங்கே ஹோட்டல்கள் எழுந்தன. போரில் அவை கைவிடப்பட்டன. எஞ்சியவற்றை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துச் சென்றது. 2009க்குப் பின் குடாவைச் சுற்றி உயர்தர விடுதிகள் வரிசையாகக் கட்டப்பட்டன. கரையில் பொதுமக்களுக்குரிய பகுதி தனியாக இருக்கிறது. ஹோட்டலில் தங்காதவர்களும் அங்கே தாராளமாகக் குளிக்கலாம். வார நாள் காலையில் அமைதியாக இருக்கும் அதே இடம், ஞாயிறு பிற்பகலில் நெரிசலாகிவிடும்.

கல்குடா அப்படியல்ல. பாறைத்திட்டின் மறைப்பு இல்லாத திறந்த கடல், ஆழம் சட்டென்று கூடும், நீரோட்டமும் உண்டு. நடக்கவும், அதிகாலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கவும் ஏற்ற கரை. குளிப்பதற்கு முன் கரையில் நிற்கும் மீனவரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் இறங்கக்கூடாது. மாரிக்காலத்தில் இரண்டு கரையிலும் கடலில் இறங்காமலிருப்பதே புத்தி.

பவளப்பாறைகளைப் பார்க்க விரும்புபவர்கள் வடக்கே காயங்கேணிக்குப் போகிறார்கள். அங்குள்ள பாறைத்தொகுதி 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பவளத்தின் மேல் நிற்பதும், உடைத்து எடுப்பதும் சட்டப்படி குற்றம். ஆழ்கடல் சுழியோடிகளுக்கு இந்தக் கடல் வேறு காரணத்தால் முக்கியமானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு வெளியே ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் இன்னும் வடக்கே, ஆழம் குறைந்த இடத்தில் உள்ளது. ஹேர்மிஸ் உயர்பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது.

மஜ்மா நகர் மையவாடி

ஓட்டமாவடிக்கு நாடு முழுவதிலுமிருந்து வரும் ஒரு கூட்டம் கடற்கரைக்காக வருவதில்லை. அவர்கள் வருவது சூடுபத்தினசேனைப் பகுதியிலுள்ள மஜ்மா நகருக்கு. கொவிட் தொற்றில் இறந்தவர்களின் உடல்களை 2020ஆம் ஆண்டில் இலங்கை அரசு கட்டாயமாக எரித்தது. உடலை அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கும், அடக்கம் செய்ய விரும்பிய ஏனைய மதத்தவர்களுக்கும் அது ஆறாத காயமாக அமைந்தது. உள்நாட்டிலும் உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. முதலில் குறிக்கப்பட்ட இடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. அது கைவிடப்பட்டபின் ஓட்டமாவடி நிலம் கொடுத்தது. 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் அடக்கம் நடந்தது. அடுத்த ஓராண்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே அடக்கப்பட்டனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவர்களோடு இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வந்த அந்த உடல்களை ஊர் இளைஞர்களும் பிரதேச சபையினரும் முன்னின்று பொறுப்பேற்றனர். கட்டாய எரிப்புக்காக அரசு 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது.

உறவினரின் கபுறைச் சியாரம் செய்ய வருபவர்கள் இறந்தவரின் முழுப் பெயர், அடக்கம் நடந்த திகதி, அப்போது கிடைத்த பத்திரங்களின் பிரதி ஆகியவற்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். கபுறு இருக்கும் இடத்தைத் தேடுவதற்கு ஓட்டமாவடிப் பிரதேச சபை அலுவலகத்தில் வேலை நாட்களில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். மையவாடி ஊரின் கடைத்தெருவிலிருந்து தள்ளி, காட்டோரமாக இருக்கிறது. நிழல் குறைவு, கடைகளும் இல்லை. தண்ணீரும் குடையும் கொண்டு, காலையில் போய்ப் பகலிலேயே திரும்பிவிட வேண்டும். மாலைக்குப் பின் யானை வரும் பகுதி. ஓட்டோக்காரர்கள் எல்லோருக்கும் வழி தெரியும். போகவும் காத்திருக்கவும் திரும்பவும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். உறவினர் எவரும் அங்கே அடக்கப்படாத பயணிகள் வேடிக்கை பார்க்கப் போகும் இடமல்ல அது. போனால் மௌனமாகப் போய், கபுறுகளை மிதிக்காமல், அங்கு அழுதுகொண்டிருப்பவர்களைப் படம் பிடிக்காமல் திரும்ப வேண்டும்.

சாப்பாடு

ஓட்டமாவடிக் கடைத்தெருவில் காலையில் இடியப்பம், பிட்டு, ரொட்டி. பகலில் சோறும் மீன் ஆணமும். மாலைக்குப் பின் கொத்து, பராட்டா, புரியாணி. கொத்து போடும் தகரச் சத்தம் மஃரிபுக்குப் பின் வீதியெங்கும் கேட்கும். உணவகங்கள் அனைத்தும் ஹலால், மது கிடையாது. பகல் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் போவது நல்லது. இரண்டு மணிக்குப் பின் மீன் தீர்ந்துவிடும். களப்பு இறால், நண்டுக் கறி எல்லா நாளும் இராது, அன்று சந்தைக்கு என்ன வந்தது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். இனிப்பில் வட்டிலப்பம் முதலிடம்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் எருமைத் தயிர் தனிப் பெயர் பெற்றது. மண் சட்டியில் உறைந்து, சட்டியைச் சரித்தாலும் சிந்தாத கெட்டித் தயிர்; பாணி ஊற்றிச் சாப்பிடுவார்கள். வீதியோரக் கடைகளில் அடுக்கியிருக்கும் சட்டிகளில் அன்றைய தயிரா என்று கேட்டு வாங்க வேண்டும். நெடும்பயணத்துக்குச் சட்டியோடு கொண்டுபோவதானால், வாயைக் கட்டித் தரச் சொன்னால் கட்டித் தருவார்கள்.

றமழான் மாதத்தில் ஓட்டமாவடியின் உணவகங்கள் பெரும்பாலும் பகலில் மூடியிருக்கும். அந்த மாதம் வருபவர்கள் பகல் சாப்பாட்டைத் தங்குமிடத்திலோ வாழைச்சேனைத் தமிழ்க் கடைகளிலோ ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். நோன்பாளிகள் முன் வீதியில் தின்பதும் குடிப்பதும் புகைப்பதும் முறையல்ல. நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன் பள்ளிவாசலில் கஞ்சி கொடுக்கப்படும். பாத்திரத்தோடு வந்து நிற்கும் எவருக்கும், மதம் கேளாமல், அது ஊற்றப்படும்.

தங்குமிடம்

பாசிக்குடாக் குடாவைச் சுற்றியுள்ள விடுதிகள் செலவு கூடியவை. சாப்பாடு பெரும்பாலும் உள்ளேயே சேர்த்துக் கணக்கிடப்படும். கல்குடா வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் வீட்டோடு சேர்ந்த சிறு விடுதிகள் பல உள்ளன. குடும்பமாக வருபவர்களுக்கு இவையே சிறந்தவை. வீட்டுக்காரரின் கைச்சமையல் கிடைக்கும், கடற்கரைக்கு நடந்தும் போகலாம். ஊருக்குள் தங்கும் அறைகள் எளிமையானவை, வியாபாரத்துக்கு வருபவர்களுக்கானவை. அறையை எடுக்குமுன் நுளம்புவலை இருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா, கிணற்று நீரில் உப்புக் கரிக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். குடிப்பதற்குப் போத்தல் நீரே பாதுகாப்பு. மழைக்காலத்தில் டெங்கு பரவும் என்பதால் நுளம்பு விரட்டும் பூச்சு அவசியம்.

ஊர் வழக்கம்

வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணியளவிலிருந்து ஒன்றரை வரை ஜும்ஆத் தொழுகைக்காக ஓட்டமாவடியில் கடைகள் அடைக்கப்படும். வங்கி வேலை, பொருள் வாங்குதல் எல்லாவற்றையும் அதற்கு முன்னோ பின்னோ வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரை உடையோடு ஊருக்குள் வரக்கூடாது. ஆண், பெண் இருவரும் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது போதும். பள்ளிவாசலைப் பார்க்க விரும்பினால் தொழுகை இல்லாத நேரத்தில் வாயிலில் கேட்டு, தலை மறைத்து, கால் கழுவிப் போகலாம். கோயில்களில் திருவிழாக் காலம் ஆனி முதல் ஆவணி வரை அடர்த்தியாக இருக்கும். போயா நாட்களில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை. அது பாசிக்குடா ஹோட்டல்களுக்கும் பொருந்தும்.

வருமுன் படிக்க ஒரு புத்தகம் வேண்டுமென்றால், இந்த மண்ணைச் சேர்ந்த எஸ். எல். எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ சிறுகதைத் தொகுப்பைத் தேடிப் பிடிக்கலாம். இந்த ஊர் மனிதர்களின் பேச்சும் நடப்பும் வழிகாட்டி நூல்களில் கிடைக்காத அளவுக்கு அதில் கிடைக்கும்.

பக்கத்து ஊர்கள்

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் வடக்கே வாகரைக்குப் போகலாம். பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலும் தெரியும். இந்தக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகத்தினரும் வாழ்கின்றனர். தெற்கே மட்டக்களப்பு நகருக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம்: போர்த்துக்கேயர் 1628இல் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, பாடும் மீன்களின் கதையோடு சேர்ந்த கல்லடிப் பாலம், பாலமீன்மடு வெளிச்சவீடு ஆகியவை ஒரே நாளில் அடங்கும். மேற்கே பொலன்னறுவை ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் அங்கே ஒரு பகலும் போதாது. வாழைச்சேனையிலேயே, வைக்கோலிலிருந்து காகிதம் செய்வதற்காக 1950களில் தொடங்கப்பட்ட காகித ஆலை இருக்கிறது. நாட்டின் பாடசாலைக் கொப்பிகளோடு ஒரு காலத்தில் சேர்ந்தே பேசப்பட்ட பெயர் அது. ஆலை பார்வையாளர்களுக்கானதல்ல.

பணம், தொடர்பு, மருத்துவம்

வங்கிகளும் பணம் எடுக்கும் இயந்திரங்களும் ஓட்டமாவடி, வாழைச்சேனைக் கடைத்தெருக்களில் உள்ளன. கடற்கரைப் பக்கம் குறைவு. சிறு விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், ஓட்டோ எல்லாம் காசுதான் வாங்கும். டயலொக், மொபிடெல், ஹட்ச் சிம் அட்டைகள் ஊருக்குள் கிடைக்கும். வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். புணானை, வாகரைக் காட்டுப் பகுதிகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். மின்சாரம் 230 வோல்ட். உருண்டை முனைப் பிளக்கும் சதுர முனைப் பிளக்கும் இரண்டும் பழக்கத்தில் உள்ளதால் மாற்றி ஒன்று வைத்திருப்பது உதவும்.

அவசர சிகிச்சைக்கு வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை ஊருக்குள்ளேயே உள்ளது. பெரிய சிகிச்சைகளுக்கு அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலைகளில் இலங்கையருக்குச் சிகிச்சை இலவசம். வெளிநாட்டவர் பயணக் காப்புறுதியோடு வர வேண்டும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைத் தேவையான அளவு கையோடு கொண்டுவருவது நல்லது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம், எந்நேரமும் வரும். பொலிஸ் 119, சுற்றுலாப் பொலிஸ் 1912, வெள்ளம் அல்லது சூறாவளி எச்சரிக்கையின்போது அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. நான்கு இலக்கங்களையும் வந்து இறங்குமுன்பே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.